கோ-டூ மவுண்ட் வாங்கினால் வானம் பழகாமலே போய்விடுமா?

3 ஜனவரி 2025 (கேள்வி)

கையில் இருக்கும் காசுக்கு இரண்டே வழி. ஒன்று 8 அங்குலக் கண்ணாடி உள்ள டாப்சோனியன் தொலைநோக்கி, கையால் தள்ளிப் பார்ப்பது. இன்னொன்று 5 அங்குல மாக்சுடோவ் தொலைநோக்கி, பட்டனைத் தட்டினால் தானே திரும்பும் கோ-டூ மவுண்டோடு (மவுண்ட் என்றால் குழாயைத் தாங்கும் தாங்கி). போட்டோ எடுக்கப் போவதில்லை, கண்ணால் பார்க்க மட்டும்தான். கோ-டூ வாங்கினால் வானத்தைக் கற்றுக்கொள்ளவே மாட்டாய், அது காப்பியடித்துப் பரீட்சை எழுதுவது மாதிரி என்கிறார் எங்கள் சீனியர் ஒருவர். இரண்டையும் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஜனவரி, இரவு (பதில்)

இரண்டும் என்னிடம் இருக்கின்றன. 8 அங்குலம் ஆறு வருடமாக. கோ-டூ வந்து மூன்று வாரம், அதில் இரண்டு வாரம் மேகம். புதுத் தொலைநோக்கி வந்தால் மழை வரும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்தால் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் சீனியர் சொல்வதில் பாதி உண்மை. இருட்டான ஊரில் ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போய் ஒரு விண்மீன் கூட்டத்தைப் பிடிப்பது தனி சுகம். நான் அப்படித்தான் கற்றேன். ஆனால் நான் கற்றது அந்தியூர் பக்கம் மாமா தோட்டத்தில். ஈரோட்டில் என் மொட்டை மாடியில் மூன்றாம் அளவு (சுமாரான பிரகாசமுள்ள) நட்சத்திரம் தெரிந்தாலே அன்றைக்கு நல்ல நாள். தாவுவதற்கு நடுவில் கல் வேண்டாமா? படிக்கட்டில் நடுப்படிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மேலே ஏறு என்றால் எப்படி ஏறுவது?

இன்னொன்று. 127 மில்லி மாக்சுடோவின் குவியத் தூரம் 1500 மில்லி. 25 மில்லி ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 60 மடங்கு, தெரியும் வானம் ஒரு டிகிரிக்கும் குறைவு. ஓலைக்குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. அதை வைத்துக்கொண்டு கையால் தேடுவது கஷ்டம். அந்தக் குழாய்க்குக் கோ-டூ சொகுசு இல்லை, ஊன்றுகோல்.

ஆனாலும் என் ஓட்டு 8 அங்குலத்துக்கே. ஒளி இரண்டரை மடங்கு அதிகம். வழி காட்ட இப்போது மொபைலே போதும்: 2020-ல் செலஸ்ட்ரான் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர், மொபைல் கேமராவால் வானத்தைப் படம் பிடித்து, தன் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, இந்தப் பக்கம் தள்ளு என்று அம்புக்குறி காட்டுகிறது. மோட்டார் தேவையில்லை. தேடுவதுதானே பிரச்சினை? அது தீர்ந்தது.

5 ஜனவரி

இன்று மேகம் விலகியது. மவுண்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ரசமட்டம் வைத்து முக்காலியைச் சமன் செய்தேன் (கொத்தனாரிடம் கடன் வாங்கியது). இடம், நேரம், தேதி எல்லாம் அடித்தேன். மணி ஒன்பது. எந்த நட்சத்திரத்தை வைத்து அலைன்மென்ட் செய்யலாம் (மவுண்டுக்கு வானத்தின் திசையைப் பிடித்துக் கொடுப்பது) என்று கேட்டால் கைக் கண்ட்ரோலர் சொல்கிறது: ஸ்பைக்கா, ஆர்க்டரஸ்.

ஸ்பைக்கா என்றால் நம் சித்திரை. ஆர்க்டரஸ் என்றால் சுவாதி. மார்கழி மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்திரை எங்கே இருக்கிறது? தரைக்குக் கீழே. எழும்ப நடு ராத்திரி தாண்ட வேண்டும். எதிரே ஓரியன் தகதகவென்று நிற்கிறது, இந்தப் பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. தேதியை 05/01 என்று அடித்திருக்கிறேன். அதற்கு அமெரிக்க வழக்கம், மாதம் முதலில். அது மே 1-ஆம் தேதி வானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு வானம் நாலு நிமிடம் முந்துகிறது; நாலு மாதத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம்.

ஆறு வருடம் கையால் வானம் பழகியதால்தான் அது தப்பு என்று உடனே தெரிந்தது. புதிதாக வாங்குகிறவருக்கு, மவுண்ட் பழுது என்றுதான் தோன்றும். கடைக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்.

6 ஜனவரி

நேற்று எழுதியதில் ரசமட்டம் பற்றிப் பெருமையடித்துவிட்டேன். ஒருவர் அது தேவையே இல்லை என்று எழுதியிருக்கிறார். இன்று வேண்டுமென்றே ஒரு காலுக்கு அடியில் தீப்பெட்டியை வைத்து, இரண்டு நட்சத்திர முறையில் அலைன் செய்து பார்த்தேன். முதல் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. இரண்டையும் நடுவில் வைத்துக் கொடுத்த பிறகு கேட்டதெல்லாம் ஐபீஸுக்குள்ளேயே வந்தது. சாய்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கொத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இடத்தின் அட்சரேகையும் அப்படித்தான். பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி அடித்தால் குடி முழுகாது. டிகிரிக்குப் பின்னால் அது கேட்பது நிமிடம், தசமம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஈரோடு 11 டிகிரி 20 நிமிடம். நேர மண்டலம் +5:30, பகலொளி நேரம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை.

15 ஜனவரி

நேற்று பொங்கல். சித்தப்பா வீட்டிலிருந்தும் மாமா வீட்டிலிருந்தும் வந்தவர்கள், பொடிசுகளோடு சேர்த்துப் பதினான்கு பேர். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். வியாழனைக் காட்டினேன். குரு இப்போது ரோகிணியில் இருக்கிறார் என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார், தினசரி காலண்டரைப் பார்த்து. அல்டெபரான்தான் ரோகிணி. பக்கத்திலேயே வியாழன். பிழையில்லை.

இதற்குமுன் சில பொங்கலுக்கு 8 அங்குலத்தை வைத்துக் காட்டியிருக்கிறேன். அது ஒரு தண்டனை. 10 மில்லி ஐபீஸ் போட்டால் வியாழன் ஓடிக்கொண்டே இருக்கும். நான் நடுவில் வைத்து விலகி, அத்தை கண்ணாடியைக் கழற்றி, எந்தக் கண்ணால் பார்ப்பது என்று கேட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்துக் குனிவதற்குள் வியாழன் போயே போய்விடும். "ஒன்னும் தெரியலையே கண்ணு." மறுபடி நான். மறுபடி அத்தை.

நேற்று அதே அத்தை, 150 மடங்கில், ஸ்டூலில் உட்கார்ந்து நாலு நிமிடம் பார்த்தார். நாலு நிமிடமும் வியாழன் அப்படியே நின்றது. இரண்டு பட்டை இருக்கிறது, ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு என்று அவராகவே சொன்னார். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு வருடத்தில் என் வீட்டில் யாரும் பட்டையைப் பார்த்ததாகச் சொன்னதே இல்லை; "புள்ளி மாதிரி, அழகா இருக்குது" என்பதோடு இறங்கிப் போய்விடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 150 மடங்கில் என் ஐபீஸ் காட்டும் வானம் சுமார் மூன்றில் ஒரு டிகிரி. பூமி சுற்றும் வேகத்துக்கு, நடுவில் வைத்த பொருள் விளிம்புக்குப் போக நாற்பது நொடி. நாற்பது நொடியில் ஒரு பாட்டி என்ன பார்ப்பார்?

அதனால் 3-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். தேடுவதுதான் பிரச்சினை, அதை மொபைல் தீர்த்துவிட்டது என்றேன். இல்லை. தேடுவது சின்னப் பிரச்சினை. கையில் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய பிரச்சினை. அதை மொபைல் செய்யாது. மோட்டார்தான் செய்யும். இந்தப் பெட்டியின் மேல் 'கோ-டூ' என்று எழுதி விற்கிறார்கள். 'நில்-டூ' என்று எழுதியிருக்க வேண்டும்.

16 ஜனவரி

நில்-டூவுக்கு மன்னிக்கவும். தூக்கக் கலக்கம்.

ஒன்று விட்டுப்போனது. ஒன்பதரை மணிக்கு மேல் வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிட்டது, 79 டிகிரி உயரம். அப்போது மவுண்ட் கொஞ்சம் திணறியது. மேலும் கீழும், இடதும் வலதும் என்று இரண்டே அசைவு உள்ள மவுண்டுக்கு உச்சிதான் எமன்: பொருள் உச்சியைத் தாண்டும்போது இடவல மோட்டார் வேகமாகச் சுழன்றாக வேண்டும். வடக்கத்திய நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன, அவர்களுக்குக் கிரகங்கள் உச்சிக்கு வருவதில்லை. நமக்கோ திருவாதிரை, ரோகிணி எல்லாமே தலைக்கு மேல்தான் போகின்றன. அலைன்மென்டுக்கு அவற்றை எடுக்காதீர்கள். பாதி உயரத்தில் இருப்பதை எடுங்கள், இரண்டும் வானத்தின் வேறு வேறு பக்கத்தில் இருக்கட்டும்.

24 ஜனவரி

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்று முன்தினம் இரவு எட்டரை. தெற்கே அகத்தியர் (கனோபஸ்), கிழக்கே பொலக்ஸ். நானே சொன்ன விதிப்படி நல்ல ஜோடி. கிழக்கே மிதுனத்தில் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைச் சிவப்புப் புள்ளி ஃபைண்டரில் (குறி பார்க்கும் சின்னக் கருவி) பிடித்து, ஐபீஸில் நடுவில் வைத்து, பொலக்ஸ் என்று என்டர் தட்டினேன். கண்ட்ரோலர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது. ஓரியன் நெபுலாவுக்குப் போ என்றேன். போய் நின்ற இடத்தில் நெபுலா இல்லை. அடுத்ததற்குப் போ என்றேன். அங்கேயும் இல்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தள்ளி.

பல்சக்கரம் தேய்ந்துவிட்டதா, முக்காலி நகர்ந்ததா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். பேட்டரியை மாற்றினேன். அம்மா துணி எடுக்க மேலே வந்தவர், என்ன ஆச்சு என்றார். பொலக்ஸ் சரியாக உட்காரவில்லை என்றேன். அது எது என்றார். புனர்பூசம் என்றேன்.

"செவ்வா இப்ப புனர்பூசத்துலதானே இருக்குது. நீ செவ்வாயப் புடிச்சு வெச்சுட்டு பேசறயா?"

ஆமாம். செவ்வாய் இந்த மாதம் 16-ஆம் தேதிதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது, பொலக்ஸைவிடப் பல மடங்கு பிரகாசம், அதிலிருந்து இரண்டரை டிகிரிக்குள் நிற்கிறது. ஐபீஸில் பார்த்தபோது, நட்சத்திரம் இன்று இவ்வளவு வட்டமாகத் தெரிகிறதே, காற்று அமைதியாக இருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பல்லாயிரம் பொருள்கள் உள்ள பட்டியல் அந்தக் கண்ட்ரோலருக்குள் இருக்கிறது. சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும் காலண்டர் அதைத் தோற்கடித்தது. இப்போது ஒரு அட்டையில் எழுதி முக்காலியில் கட்டியிருக்கிறேன்: பீடெல்ஜியூஸ் திருவாதிரை, அல்டெபரான் ரோகிணி, ரெகுலஸ் மகம், டெனெபோலா உத்திரம், ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம். அட்டையின் கீழே அம்மா பால்பாயின்ட் பேனாவால் எழுதியது: கிரகம் எங்கே என்று முதலில் பார்.

25 ஜனவரி

கேட்டவருக்கு: ஆம், கிரகங்களை வைத்தே அலைன் செய்யும் முறைகளும் உண்டு. செலஸ்ட்ரானின் ஸ்கைஅலைனில் பிரகாசமான மூன்று பொருள்களைக் காட்டினால் போதும், பெயரே சொல்ல வேண்டாம். என் மவுண்டில் அது இல்லை. இருந்திருந்தால் இந்த அவமானம் மிச்சம்.

2 பிப்ரவரி

மின்சாரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பென்டார்ச் செல் எட்டு போட்டால் ஓடும். ஓடும் என்பதைவிட நகரும் என்று சொல்லலாம். நான் முதலில் பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை வைத்தேன். மீட்டரில் 12.4 காட்டியது. ஒரே ஒரு மோட்டார் ஓடினால் பிரச்சினை இல்லை. தூரத்துப் பொருளுக்குப் போகச் சொன்னால் இரண்டு மோட்டாரும் முழு வேகத்தில் கிளம்பும், வோல்ட்டேஜ் படுத்துவிடும், திரை ஒரு முறை கண் சிமிட்டி, வரவேற்கிறோம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். அலைன்மென்ட் போச்சு. இதை நாலு முறை செய்த பிறகு பேட்டரிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு பல்பை மாட்டிக் காட்டி, "சார் இதுல லைட் எரியும், லோடு தாங்காது" என்றார். புது பேட்டரி போட்டதும் மவுண்டின் பாதிக் குறும்பு நின்றுவிட்டது. இங்கே 'என் மவுண்ட் தாறுமாறாகப் போகிறது' என்று எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை, அப்புறம் பிளக் லூசாக இருக்கிறதா என்பதை. பிளக்கின் நடு முனை பாசிட்டிவாக இருக்க வேண்டும். மாட்டுவதற்குமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

வயர். மவுண்ட் ஒரே பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றினால் வயரும் முக்காலியைச் சுற்றும். ஒரு ராத்திரி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கர்ர்ர் என்று தரையில் ஏதோ ஊர்ந்து வந்தது. பெருச்சாளி என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பேட்டரி. வயர் இழுக்க இழுக்க மாடித் தரையில் அதுவாக வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பேட்டரியை முக்காலியின் நடுத் தட்டிலேயே வைக்கிறேன்.

சத்தம். முழு வேகத்தில் திரும்பும்போது நல்ல சத்தம். பக்கத்து வீட்டு அண்ணன் காலையில் கேட்டார்: "ராத்திரி பதினோரு மணிக்கு என்ன தம்பி மாவாட்டறீங்க?"

9 பிப்ரவரி

நிலா பெருத்துவிட்டது, பார்க்க எதுவுமில்லை, எழுதுகிறேன்.

கோ-டூ வாங்கிய புதிதில் எல்லாருக்கும் வரும் கோபம் இது: மவுண்ட் பீப் அடித்து நின்றுவிட்டது, ஐபீஸில் ஒன்றுமே இல்லை. இது மவுண்டின் தப்பா, வானத்தின் தப்பா? கையால் தேடும்போது இந்தச் சந்தேகம் வராது. வரைபடத்தில் உள்ள முக்கோணம் ஐபீஸில் தெரிந்தால் இடம் சரி, பொருள்தான் மங்கல் என்று தெரிந்துவிடும். கோ-டூ உங்களை ஒரு இருட்டறையில் இறக்கிவிட்டு, இதுதான் விலாசம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும் ஆட்டோக்காரர்.

எம் 101, எம் 74, எம் 33 என்ற மூன்று கேலக்ஸிகளும் ஊருக்குள் 5 அங்குலத்தில் தெரியாது. பட்டியலில் உள்ள பிரகாச எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த வெளிச்சம் பெரிய பரப்பில் பரவிக் கிடக்கிறது. ஒரு கரண்டி நெய்யை ஒரு தோசையில் விடுவதற்கும் கல்யாணப் பந்தி முழுக்கத் தெளிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

நான் செய்வது: மங்கலான பொருளுக்குப் போகுமுன் பக்கத்தில் ஒரு சாட்சியைக் கூப்பிடுவேன். சிம்மத்தில் எம் 65, எம் 66 ஜோடியைப் பார்க்க வேண்டுமா? முதலில் தீட்டா லியோனிஸுக்குப் போ. அது பூரத்தின் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று. அது நடுவில் விழுந்தால் மவுண்ட் சரி. விழவில்லை என்றால் நடுவில் கொண்டுவந்து, இதுதான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மூன்று டிகிரி நகர்ந்தால் போதும். நடுவில் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் ஒரே பக்கமாக, மேல் பட்டன், வலது பட்டன் என்று முடியட்டும். பல்சக்கரத்தின் ஆட்டம் ஒரு பக்கமாகவே ஒதுங்கும்.

அதற்குப் பிறகு ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். நேரே முறைத்தால் மங்கல் பொருள் ஒளிந்துகொள்ளும். இது எந்த மவுண்டுக்கும் பொது. ஆனால் ஐந்து நிமிடம் ஓரக்கண்ணால் பார்க்க ஐந்து நிமிடம் அது அங்கே நிற்க வேண்டுமே. மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டேன் பாருங்கள்.

27 பிப்ரவரி

நேற்று சிவராத்திரி. அமாவாசைக்கு முந்தின ராத்திரி, நிலா விடியற்காலைதான் எழும். ஊரே கண் விழித்திருக்கும். மாடியில் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தொலைநோக்கிக்காரனுக்கு இதைவிட நல்ல பண்டிகை இல்லை.

ரொம்ப நாளாக ஒரு ஆசை. சென்னை நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஆர் ரெட்டிக்குலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். நம் மண்ணிலிருந்து நம்மவர் ஒருவர் கண்டுபிடித்த மாறுவிண்மீன். ஆனால் அது தெற்கே ரொம்பக் கீழே, மைனஸ் 63 டிகிரி. இங்கிருந்து அதிகபட்சம் 16 டிகிரிதான் ஏறும். அந்தப் பக்கத்தில் வழிகாட்ட ஒரு பிரகாசமான நட்சத்திரம்கூட இல்லை, எல்லாம் புழுதியும் தெருவிளக்கும். 8 அங்குலத்தை வைத்து மூன்று வருடம் முயன்று விட்டுவிட்டேன்.

கண்ட்ரோலரில் ஆயத்தொலைவை (வானத்தில் பொருளின் விலாச எண்) கையாலேயே அடிக்கலாம். 4 மணி 33 நிமிடம், மைனஸ் 63 டிகிரி. அடித்தேன். மவுண்ட் தெற்கே குனிந்து எதிர்வீட்டுத் தென்னை மரத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றது. முக்காலியை மாடியின் இன்னொரு மூலைக்குத் தூக்கி, மறுபடி அலைன் செய்து, மறுபடி போனேன். பத்துப் பதினைந்து மங்கலான நட்சத்திரங்கள். அதில் எது அவருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தும் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே சந்தேகம். மிரா வகை அது, சில மாதங்கள் இந்த மாதிரிக் குழாய்க்கு எட்டாத அளவுக்கு மங்கிப் போகும். ஒருவேளை இரண்டுமே அது இல்லை.

எப்படியோ, சரியான வட்டத்துக்குள் இருந்தேன். அவர் பெட்டியில் தட்டிப் போகவில்லை, இரவு இரவாகப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக் கண்டுபிடித்தார். கோ-டூ என்னை அந்தத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டது. வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலை அப்படியே பாக்கி.

30 மார்ச்

மாமா தோட்டம், அந்தியூர் பக்கம். நேற்று அமாவாசை. மார்ச் கடைசியில் ஒரே ராத்திரியில் மெஸ்ஸியே பட்டியலில் ('எம்' எண்கள் அதிலிருந்துதான்) உள்ள 110 பொருள்களையும் பார்த்துவிடும் பந்தயம் உண்டல்லவா, அதில் முடிந்தவரை பார்க்கலாம் என்று கோ-டூவோடு போனேன். பட்டன், சத்தம், பீப், பார்த்தேன், டிக். பட்டன், சத்தம், பீப், பார்த்தேன், டிக். கிணற்றுமேட்டில் படுத்திருந்த நாய் முதல் பத்துக்குக் குரைத்தது, அப்புறம் அதுவும் விட்டுவிட்டது. இரண்டரை மணிக்குள் 34.

காலையில் கயிற்றுக் கட்டிலில் காப்பியோடு நோட்டைப் பிரித்தால், 34 வரியிலும் ஒரே வார்த்தை: பார்த்தேன். எம் 104-க்கு நேராக மட்டும் 'குறுக்கே கோடு?' என்று இருக்கிறது. மற்ற 33-ல் ஒன்றின் முகம்கூட நினைவில் இல்லை. ஆறு வருடத்துக்குமுன் இதே தோட்டத்தில் 8 அங்குலத்தை வைத்து இரண்டு மணி நேரம் தேடிப் பிடித்த எம் 51 இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு பஞ்சு, ஒன்றின் விரலை ஒன்று பிடித்திருப்பது மாதிரி.

உங்கள் சீனியர் சொன்ன பாதி உண்மை இதுதான் போலிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணம் தப்பு. கோ-டூ வந்ததால் வானம் பழகாமல் போகவில்லை; பார்க்கவே மறந்துவிட்டேன். இனி ஒரு ராத்திரிக்கு ஐந்துக்கு மேல் கிடையாது.

31 மார்ச்

ஆறு. கிரகம் கணக்கில் வராது.

14 ஏப்ரல்

காப்பியடிப்பது என்ற பேச்சு மறுபடி வந்திருக்கிறது. காவலூரில் ஜவ்வாது மலைமேல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-லிருந்து. வேலை நேரத்தில் அதை ஒருவர் தோளால் தள்ளி, ஃபைண்டரில் கண்ணை வைத்துத் தேடுகிறாரா என்ன? அங்கே யாரையும் காப்பியடித்தார் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு எதைப் பார்க்கப் போகிறோம் என்று போவதற்கு முன்பே தெரியும். நான் மார்ச்சில் செய்தது அது இல்லை.

ஈக்குவட்டோரியல் மவுண்ட் (ஓர் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது) ஏன் வாங்கவில்லை என்று கேட்டவருக்கும் காவலூரே பதில். அங்குள்ள தொலைநோக்கியின் துருவ அச்சு சுமார் பன்னிரண்டரை டிகிரிதான் நிமிர்ந்திருக்கும், கிட்டத்தட்டப் படுத்த நிலை, ஊரின் அட்சரேகை அவ்வளவுதான். நம் ஊரில் துருவ நட்சத்திரம் 11 டிகிரியில், எனக்கு அது பக்கத்துத் தெரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சில சின்ன மவுண்டுகளை அவ்வளவு சாய்த்தால் சமன் எடை முக்காலிக் காலில் இடிக்கும். போட்டோ எடுக்கிறவர்கள் அந்தப் பாட்டைப் படட்டும். கண்ணால் பார்ப்பவருக்கு மேல்கீழ், இடவலம் போதும்.

27 ஏப்ரல்

நேற்று மறுபடி தோட்டம். இந்த முறை அம்மாவும் வந்தார். பகலெல்லாம் கொளுத்திய வெயில், ராத்திரி பத்துக்கு மேல் காற்று கிடைத்தது.

ஐந்து மட்டும் என்று எழுதி வைத்திருந்தேன். நாலாவது ஒமேகா செண்டாரி. இங்கிருந்து 31 டிகிரி உயரம், பதினொன்றரை மணிக்கு நேர் தெற்கே. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு இது எட்டாக்கனி. எட்மண்ட் ஹாலி 1677-ல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் பார்த்தார். நமக்குக் கிணற்றுமேட்டிலிருந்து தெரிகிறது.

மவுண்ட் திரும்பி நின்றது. 60 மடங்கு. நான் முதலில் பார்க்காமல் ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. மங்கலாக வட்டமாக இருக்கிறது, புகை மாதிரி என்றார். நேரே பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள் என்றேன். இன்னும் இரண்டு நிமிடம். அப்புறம்,

"அட, ரவையச் சலிச்சுக் கொட்டுனாப்பல இருக்குது. ஓரத்துல தனித்தனியா தெரியுது."

அவ்வளவும் நட்சத்திரம், 17 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் என்றேன். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இது எந்த நட்சத்திரத்தில் சேர்த்தி என்று கேட்டார். இருபத்தேழிலும் சேராது, ரொம்பத் தெற்கே இருக்கிறது என்றேன். அப்போ பெயர் என்ன? கண்ட்ரோலரைப் படித்தேன்: என்ஜிசி 5139.

"நம்பரா? ரேஷன் கார்டாட்டம்."

அப்புறமும் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு முறை மட்டும் கண்ணை எடுத்து, கை வைக்காமலே இது தானாகத் திரும்பிக்கிட்டே இருக்கா என்று கேட்டார். மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் படுத்து வெறுங்கண்ணால் விருச்சிகத் தேள் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பொருளுக்குப் போகவே இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: நான்கு மாதம் கழித்து என் ஓட்டை மாற்றிப் போடுகிறேன். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் பார்ப்பீர்கள், இருட்டான தோட்டம் கைவசம் இருக்கிறது என்றால் 8 அங்குலம். கூட நாலு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் கோ-டூ. பேட்டரிக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். என்னுடையது நேற்று 11.8-ல் வந்து நின்றது, காலையிலிருந்து சார்ஜில் கிடக்கிறது.